வியாழன், செவ்வாய்தோறும்

முதலில் அது சனி.
வளையம் தயாராகிவிட்டது:
பள்ளத்தூர் சைக்கிள் கடையில் இரவல் வாங்கிய ரிம்,
கம்பிகளைக் கழற்றி, ஜிகினா ஒட்டி.
கோள், ஒரு பூசணிக்காய்.

வயிரவன் செட்டியார் கதை முழுக்கக் கேட்டார்.
சாவி மடியிலேயே இருந்தது.
"வேற எதை வேணும்னாலும் எடுங்க.
சனியை என் வளவுக்குள்ள கூட்டியாராதீக."
ஞானப்பிரகாசம் சார் ஒரு பீடி நேரம் யோசித்தார்.
வியாழன் என்றார். குரு பகவான்.
சாவி வந்தது, பின்னாலேயே எல்லோருக்கும் பால்.
வளையத்தை மட்டும் கழற்ற மனம் வரவில்லை,
அவ்வளவு ஜிகினா.

காரைக்குடி கேபிளில்
செவ்வாய்தோறும் வியாழன்,
இரவு ஏழரைக்கு.
ஏழரை என்றதும் எங்களுக்குப் புரிந்துவிட்டது,
சனி எப்படியும் வந்து சேரும்.

நான் அந்தக் கோளின் ராணி.
மஞ்சளில் சொட்டு நீலம் குழைத்தால்
பச்சை வரும் என்றாள் மேக்கப் வள்ளிமயில்.
வந்தது. போவதற்குத்தான் நாலு நாள்.
டெலிபோன் ஆபீசில்
காமாலை முற்றிவிட்டதா என்று கேட்டு
என் டம்ளரைத் தனியே வைத்தார்கள்.

விண்கலம், கல்யாண அண்டா.
அண்டத்திலிருந்து வேறென்ன வரும்?
முற்றத்துக்குள் கயிற்றில் இறங்கியது,
சுற்றியது, சுற்றி
காமிராவுக்கு நேரே நின்று காட்டியது
வயிற்றில் வெட்டிய விலாசத்தை:
சா. ராம. மெ. வயி.
இன்னொரு முறை எடுக்க ஃபிலிம்... ஃபிலிம் இல்லை, கேசட்,
கேசட்டுக்கும் காசில்லை.
அதனால் அடுத்த காட்சியில் ஒரு வசனம் சேர்ந்தது:
"நாம் அறியாத மொழி, கேப்டன்!"

வளவில் செருப்புக் கூடாது.
பூமியிலிருந்து வந்த நால்வருக்கும்
கழுத்திலிருந்து கணுக்கால்வரை வெள்ளித்தாள்,
கணுக்காலுக்குக் கீழே
காரைக்குடி.
ஒருத்தி காலில் மெட்டி.

சித்திரை. உச்சிப்பொழுது. முற்றத்துக் கல்.
கேப்டன் பெரியகருப்பன்
"மனித குலத்தின் முத" வரைக்கும் சொன்னார்,
பிறகு துள்ளினார்.
மற்ற மூவரும் துள்ளினார்கள்.
இடக்கால், வலக்கால், இடக்கால்,
வெள்ளித்தாள் சரசரக்க,
பல்லைக் கடித்துக்கொண்டு, ஆனால் வீரமாக,
முற்றத்தைச் சுற்றி ஓடினார்கள் நிழல் தேடி.
"நிறுத்தாதே, எடு!" என்று கத்தினார் சார்.
"ஈர்ப்பு விசை இல்லாத நடை!
எவனுக்கு வரும் இது!"

கண்டனூரிலிருந்து ஒரு அறிவியல் டீச்சர்
அஞ்சலட்டை போட்டிருந்தார்.
வியாழனில் ஈர்ப்பு விசை அதிகம்,
அங்கே துள்ள முடியாது,
வளையம் உள்ளது சனிக்கு,
மாணவர்கள் கெட்டுப்போகிறார்கள்.
சார் நாலு தடவை படித்தார்.
"ஒருத்தர் பாக்குறாங்க" என்றார்,
மடிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆறாம் நாள் வியாழன் ஒழுகத் தொடங்கியது.
வாடை இரண்டாம் கட்டுவரை.
கோள் வெடிப்பதாக அன்றிரவே கதை மாறியது,
நான் மூன்று வாரம் முன்னதாகச் செத்தேன்.
பேசிய சம்பளத்தில் நாற்பது ரூபாய் பாக்கி.

போன மாதம் பல் ஆஸ்பத்திரியில்
அட்டை கிழிந்த வாரப் பத்திரிகை.
பெட்டிச் செய்தி:
வியாழனுக்கும் வளையம் உண்டு.
மெல்லியது, வெறும் தூசு,
நாங்கள் படம் எடுப்பதற்கு
வெகு முன்பே கண்டுபிடித்துவிட்டார்களாம்.

சாருக்கு இப்போது புதுவயலில் ஜெராக்ஸ் கடை.
ஊசி போட்டு மரத்த வாயோடு கூப்பிட்டேன்.
"ஷார், வியாஷனுக்கு வளையம் இருக்காம்."
"யாருக்கு வளையல்?"
"வளையம், ஷார். வளையம். நம்ம ரிம்மு."

மெஷின் இரண்டு பக்கம் தள்ளிய சத்தம்.
யாரோ சில்லறை கேட்டார்கள்.

"அந்த டீச்சருக்கு
ஒரு கார்டு போடணும்" என்றார்.
"அட்ரஸ் இருக்கு."